கயிற்றைப் பிடித்த கை

தூய பனிமய அன்னையின் திருவிழாவுக்குக் கொடியேறும் ஜூலை 26-ஆம் நாள் தொடங்கி, ஆகஸ்ட் 5-ஆம் நாள் நிறைவுபெறும் வரையில் தூத்துக்குடியின் கடற்கரைத் தெருக்களில் உறவினர் இல்லாத வீடு ஒன்றைக் காண்பது அரிது. மும்பையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் வந்து குவிகின்றனர். அந்நாட்களில் ஒரு மாலை, நமக்கு நெடுநாளாகப் பழக்கமான ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். கூடத்தில் இருவர் இருந்தனர். ஒருவர் எண்பத்தாறு வயதைக் கடந்த முதியவர். சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மற்றவன் அவருடைய கொள்ளுப்பேரன், ஒன்பது வயதுச் சிறுவன்; துபாயிலிருந்து வந்தவன். அவன் கையில் ஒரு விளையாட்டுக் கருவி இருந்தது.

விளையாட்டைப் பற்றி எழுதுமாறு பெற்றோர் சிலர் நம்மைக் கேட்டுக்கொண்டிருந்தனர். பிள்ளைகள் இக்கருவிகளை விட்டுக் கண்ணெடுப்பதில்லை, செபமாலைக்குக் கூப்பிட்டாலும் "இதோ, இந்த ஆட்டம் முடியட்டும்" என்கிறார்கள், இது பாவமா என்பது அவர்களது கேள்வி. பதில் சொல்லுமுன் பொருளை அறிந்துகொள்வது முறையல்லவா? ஆகவே சிறுவனுக்கருகில் அமர்ந்து பார்த்தோம்.

அவன் ஆடியது மாரியோ என்னும் புகழ்பெற்ற வரிசையைச் சேர்ந்த ஆட்டம். ஜப்பானின் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ நிறுவனம் 1985-இல் இவ்வரிசையின் முதல் பெரிய ஆட்டத்தை வெளியிட்டது. மீசை வைத்த குழாய்ப்பணியாளன் ஒருவன் மேடைக்கு மேடை தாவி, பள்ளங்களைக் கடந்து, காசுகளைச் சேகரித்துக்கொண்டே ஓடவேண்டும். அந்த முதல் ஆட்டத்திலேயே மேல் மூலையில் ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டே வந்தது; அது தீர்ந்தால் ஆளும் தீர்ந்தான். 2006-இல் வந்த ஆட்டத்தில் இன்னொரு சூழ்ச்சியைச் சேர்த்தார்கள். வழியிலே ஒரு சிவப்பு வளையம் தோன்றும். அதனூடே பாய்ந்தால் எட்டுச் சிவப்புக் காசுகள் அந்தரத்தில் முளைக்கும். சில நொடிகளே நிற்கும். எட்டையும் எடுத்துவிட்டால் வலிமை தரும் பூவோ காளானோ பரிசு. ஒன்று விடுபட்டாலும் பரிசில்லை. மிஞ்சிய காசுகள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும்.

நாம் பார்த்துக்கொண்டிருக்கையில் சிறுவன் ஆறு காசுகளை எடுத்தான். ஏழாவதற்குத் தாவியபோது அது மறைந்துவிட்டது. "சே!" என்றான்.

முதியவர் கண்ணைத் திறந்தார். "எய்யா, அந்தச் சிவப்புக் காசு எங்கே போச்சு?"

"நேரம் முடிஞ்சிடுச்சு தாத்தா. சீக்கிரம் எடுக்கணும். எடுக்கலைன்னா போயிடும்."

"எத்தனை எடுத்தே?"

"ஆறு."

"ஆறு எடுத்தியே, அது போதாதா?" என்று கேட்டு, அவர் நம் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நாங்க ஆடினதும் இந்த ஆட்டந்தான். எங்களுக்கு மணி பார்க்க மேலே ஒருத்தன் இருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

இம்முதியவர் 1950-களின் இறுதியில், இருபது வயதும் நிரம்பாத இளைஞராக, முத்துக்குளிப்பில் இறங்கியவர். 1955 முதல் 1961 வரை அரசு நடத்திய முத்துக்குளிப்புத் தொடரே நம் கரை கண்ட கடைசித் தொடர். அதற்குப் பின் இன்றுவரை மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அதில் மூழ்கியவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. நாம் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு எழுவதாக எண்ணிச் சென்றோம். எழுந்தபோது கோவிலில் மாலைச் செபம் முடிந்து மக்கள் திரும்பிக்கொண்டிருந்தனர்.

முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்பது நம் கரையார் வழங்கும் பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றுள் பேர்பெற்றது. ஆழம் ஏழு, எட்டு, பத்துப் பாகம் என்று இடத்துக்கு இடம் மாறும். பாகம் என்பது விரித்த இரு கைகளின் அளவு, ஏறக்குறைய ஆறடி. பத்துப் பாகம் என்றால் ஐந்து மாடி வீட்டின் உயரத்தைத் தலைகீழாக எண்ணிக்கொள்ளலாம். இந்த ஆழத்துக்கு நீந்திச் சென்றால் பாதி மூச்சு வழியிலேயே செலவாகிவிடும். ஆகவேதான் கல்.

முப்பது, நாற்பது இறாத்தல் எடையுள்ள கல் ஒன்று கயிற்றில் தொங்கும். குளியாள் ஒரு காலைக் கயிற்றின் வளையத்தில் வைத்துக் கல்லின்மேல் நிற்பார். சிப்பி இடும் வலைப்பை வேறொரு கயிற்றில். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையசைப்பார். மேலே தோணியில் இருப்பவர் கயிற்றைத் தளர விடுவார். கல் இழுத்துச் செல்லும். தரை தட்டியதும் காலை விடுவித்துக்கொள்ள, கல் மட்டும் மேலே போகும். பிறகு இருளும் பசுமையும் கலந்த அந்த அடித்தளத்தில் கைகளால் தடவித் தடவிச் சிப்பிகளைப் பறித்துப் பையிலிட வேண்டும். பறித்தபின் கயிற்றை ஒருமுறை வெட்டி இழுத்தால் மேலே உள்ளவர் பையையும் ஆளையும் சேர்த்துத் தூக்குவார். எல்லாம் ஒரு மூச்சுக்குள். ஒரு நிமிடம் என்பது சாதாரணக் கணக்கு. நுரையீரல் வலுத்தவர் சற்றுக் கூடுதலாக இருப்பர். அரை மணி நேரம் நீருக்கடியில் இருந்ததாகச் சொல்லப்படும் கதைகளையெல்லாம் முதியவர் கையை வீசி ஒதுக்கிவிட்டார். "கடலுக்குள்ளே போகாதவன் சொன்னது அது" என்றார்.

இப்படி எடுத்த சிப்பியெல்லாம் முத்தாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இராது. சிலவற்றில் கடுகளவு. விலைபெறும் முத்து எதில் இருக்கிறது என்று அடியில் தடவும் கைக்குத் தெரியாது. மேலே அளக்கும் அதிகாரிக்கும் தெரியாது. வழக்கமான பங்கீட்டில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்க்கு. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக மாலையில் ஏலம் விடுவர். திறவாத சிப்பிகளுக்கு வணிகர் விலை கூறுவர்.

இத்தொழிலின் வயதை எண்ணிப் பார்க்கையில் வியப்பு மிகுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழியாக வணிகம் செய்த கிரேக்கர் ஒருவர் எழுதிவைத்த பயணக் குறிப்பு, பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் கூறுகிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் பின்வாங்க, கொற்கைக்குப் பின் காயலும், காயலுக்குப் பின் தூத்துக்குடியும் துறைமுகமாயின. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடந்ததையும், பத்தில் ஒரு பங்கு அரசனுக்குச் சேர்ந்ததையும் எழுதியிருக்கிறார். இருபதில் ஒரு பங்கு மீன்களைக் கட்டுவோருக்காம்! சுறா குளியாளைத் தீண்டாதபடி மந்திரத்தால் வாயைக் கட்டுபவர்கள் இவர்கள். நம் கரையில் கடல்கட்டி என்றனர். அந்த மந்திரம் பகலுக்கு மட்டுமே செல்லுமாம். மாலையானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், இரவில் எவரும் திருட்டுத்தனமாய் இறங்கிச் சிப்பி எடுத்துவிடாதிருக்க. சுறாவையே இரவுக் காவலுக்கு வைத்த அந்த மதிநுட்பத்தை என்னென்பது! 19-ஆம் நூற்றாண்டில்கூட இலங்கையின் ஆங்கில அரசு கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. மந்திரத்தில் நம்பிக்கை அரசுக்கு இருந்ததோ இல்லையோ, அவரின்றிக் குளியாட்கள் இறங்கமாட்டார்கள் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது.

நம் முன்னோர் திருமறையைத் தழுவியதும் இந்தப் பார்களோடு பிணைந்த வரலாறே. முத்துப் பார்களின் உரிமை பற்றிய பூசல் முற்றியபோது பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரின் துணையை நாடினர். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் இக்கரையின் பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றனர். ஞானஸ்நானம் வந்தது; ஞான உபதேசம் வரவில்லை. அக்குறையைத் தீர்க்க 1542-இல் வந்து சேர்ந்தவர் புனித சவேரியார். அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. முத்துக் கரையார் ஆண்டுதோறும் போர்த்துகல் அரசிக்குக் காலணிச் செலவுக்கென்று ஒரு தொகை செலுத்தி வந்தனர். அந்தப் பணத்தை உபதேசியார்களின் ஊதியத்துக்கு விட்டுக்கொடுக்குமாறு சவேரியார் அரசியையே கேட்டார். விண்ணகம் ஏறுவதற்கு இக்கரைப் பிள்ளைகளின் விசுவாசத்தைவிடச் சிறந்த காலணி அரசிக்குக் கிடையாது என்பது அவர் வாதம். அரசியும் இசைந்தார். நம் சிற்றாலயங்களில் முதன்முதலாகத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தவர்களின் கூலி, ஒருவகையில், ஒரு மூச்சுக்குள் பறித்த சிப்பிகளின் காசுதான்.

நிற்க. சிறுவனின் சிவப்புக் காசுக்கு வருவோம். அவனுக்குக் கெடு ஒன்றே. முத்துக்குக் கெடு பல. மூச்சின் கெடு முதலாவது. அடுத்தது நாளின் கெடு. கரைக்காற்றைப் பிடித்து நள்ளிரவுக்குப் பின் பாய் விரித்த தோணிகள் விடியலில் பாரை அடையும். நண்பகல் வாக்கில் கடற்காற்று எழுந்ததும் அடையாளம் காட்டப்பட, முழுக்கை நிறுத்திக் கரை திரும்பவேண்டும். மூன்றாவது பருவத்தின் கெடு. கடல் தெளிந்து அமைந்திருக்கும் சில வாரங்களே வேலைக்கு உகந்தவை. அந்தச் சில வாரங்களிலும் காற்று மாறினால் நாள் போயிற்று. நீர் கலங்கினால் நாள் போயிற்று. கூடாரங்களில் காலரா தோன்றினால் எல்லாமே போயிற்று. இத்தனைக்கும் இடையில் ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில் ஞாயிற்றுக்கிழமை தோணி இறங்குவதில்லை. குளியாட்களில் கத்தோலிக்கர் மிகுந்திருந்த கரையில் அது எளிதான இழப்பன்று. இருபது நாளோ முப்பது நாளோ நடக்கும் ஒரு பருவத்தில், கடல் கண்ணாடிபோல் கிடக்கும் ஒரு ஞாயிறன்று, வாழ்நாளில் மீண்டும் வாய்க்குமோ வாய்க்காதோ என்ற வேலையை விட்டுத் திருப்பலிக்குச் சென்று நின்றவர்கள் நம் பாட்டனார்கள். செபமாலைக்கு வர ஓர் ஆட்டம் முடியட்டும் என்னும் பிள்ளைக்கு இதை ஒரு கதையாகச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமையும் கடையைப் பாதி திறந்து வைத்திருக்கும் பெரியவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று நமக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய கெடு சிப்பியினுடையது. நான்கு ஆண்டு நிரம்புமுன் பறித்தால் முத்து விளைந்திராது. ஆறேழு ஆண்டு கடந்தால் சிப்பி தானாகவே மடிந்து, முத்தும் மணலோடு மணலாகும். இடைப்பட்ட சிறு காலத்தில்தான் முத்துக்குளிப்பு. இதனால்தான் அதிகாரிகள் ஆண்டுதோறும் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளைத் திறந்து மதிப்பிட்டு, நாள் குறித்தனர். இன்று குஞ்சுச் சிப்பிகள் கம்பளம் விரித்தாற்போல் கிடந்த பார், அடுத்த ஆண்டு சென்று பார்க்கையில் வெறும் பாறையாய் இருப்பதுண்டு. நீரோட்டம் கொண்டுபோயிருக்கும், மணல் மூடியிருக்கும், திருக்கைகள் கூட்டமாய் வந்து நொறுக்கித் தின்றிருக்கும். முத்து விளையாத ஆண்டுகள் பத்து, இருபது என்று நீண்டதும் உண்டு. மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1889-இல் தூத்துக்குடி முத்துக்குளிப்பை வந்து பார்த்து எழுதினார். பின்னர் ஜேம்ஸ் ஹார்னெல் 1905-இல் விரிவான அறிக்கை தந்தார். (சிறுவனின் கருவியைச் செய்த நிண்டெண்டோ நிறுவனமும் அதே 1889-இல் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கியதாம். தற்செயல்தான், ஆயினும் குறித்துவைத்தோம்.)

கெடுவை மதியாமல் அள்ளினால் என்னாகும் என்பதற்கு நம் எதிர்க்கரையே சான்று. 1905-இல் இலங்கையின் மன்னார்ப் பகுதியில் நடந்த முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதைக் கண்டு ஆசைகொண்ட முதலாளிகள் இலண்டனில் ஒரு கம்பெனி அமைத்து, 1906-இல் இருபது ஆண்டுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தனர். 1907-க்குப் பின் முத்துக்குளிப்பே நடத்த முடியாதபடி பார்கள் வறண்டன. குத்தகைக் காலம் முடிவதற்கு நெடுநாள் முன்னரே கம்பெனி கலைந்தது. அங்கே அடுத்த முத்துக்குளிப்பு 1925-இல்தான். எட்டுக் காசையும் எடுத்துவிடத் துடித்தவர்களுக்கு ஒன்பதாவது தோன்றவே இல்லை.

நம் பக்கத்திலும் 1961-க்குப் பின் பார்களில் போதிய சிப்பி சேரவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிக்கருகே வேப்பலோடையில் 1972-இல் ஆய்வு தொடங்கி, 1973-இல் சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டை முத்தை விளைவித்தனர். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் பொரிக்கச் செய்தனர். அரிய வெற்றிகளே. ஆயினும் அம்முத்துக்கு எவரும் மூச்சடக்கத் தேவையில்லை. மூச்சடக்கும் தொழில் இன்று சங்குக்குளிப்பில் எஞ்சியிருக்கிறது.

முதியவரிடம் நாம் கேட்டோம்: "என்றேனும் கெடு தவறியதுண்டா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சிறுவனும் கருவியை மடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாள். அன்னைக்கு நல்ல இடத்திலே இறங்கிட்டேன். கை வச்ச இடமெல்லாம் சிப்பி. பை நிறையலை. இன்னும் ஒரு கைப்பிடி, இன்னும் ஒரு கைப்பிடின்னு போய்க்கிட்டே இருக்கேன். நெஞ்சு முட்டுது. அப்புறம் முட்டுறதும் நின்னுபோச்சு. சுகமா இருந்தது. கயித்தை இழுக்கணும்ங்கிற நினைப்பே வரலை."

நெஞ்சு முட்டுவது நின்று சுகமாகும் அந்த நேரந்தான் மூச்சடக்குவோர் மயங்கி மடியும் நேரம் என்பதை மருத்துவம் அறிந்தோர் சொல்வர்.

"அப்புறம்?"

"அவனா இழுத்துட்டான். நான் சைகை குடுக்கவே இல்லை. இடுப்பிலே ஒரு சுத்து கயிறு இருந்ததாலே தப்பிச்சேன். மேலே வந்தா மூக்கிலும் காதிலும் ரத்தம். மூச்சு வந்ததும் முதல்லே என்ன செஞ்சேன் தெரியுமா? அவனைத் திட்டினேன். பாதிப் பையிலே இழுத்துட்டியேன்னு திட்டினேன்."

"கயிறு பிடிச்சது யாரு தாத்தா?" என்றான் சிறுவன்.

"உன் பூட்டியோட அண்ணன். என் மச்சான். கயித்தை மச்சான் கையிலேதான் குடுக்கணும்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. தங்கச்சி தாலி அவன் கையிலே இருக்குல்லா, விடமாட்டான்."

அந்த மைத்துனர் கைக்கடிகாரம் அணிந்தவரல்லர். குளியாள் இறங்கிய கணத்தில் மனத்துக்குள் பிரியதத்த மந்திரம் சொல்லத் தொடங்குவாராம். மூன்றாவது முடியும்போது கயிற்றை இறுகப் பிடிப்பார். நான்காவது முடிந்து ஐந்தாவது பாதியானால், கீழிருந்து சைகை வந்தாலும் வராவிட்டாலும் இழுத்துவிடுவார். அன்று ஐந்தாவது பாதியாயிற்று. திட்டு வாங்கியவர் சொன்ன பதிலை முதியவர் அறுபது ஆண்டுக்குமேல் நினைவில் வைத்திருக்கிறார். "சிப்பி நாளைக்கும் அங்கேயே கிடக்கும். நீ கிடக்கமாட்டே" என்றாராம்.

மைத்துனர் மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அவருடைய கல்லறைத் திருநாள் செபத்துக்கு இம்முதியவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று வீட்டார் கூறினர்.

பெற்றோர் கேட்ட கேள்விக்கு வருகிறோம். அவ்விளையாட்டைப் பாவம் என்று நாம் கூறமாட்டோம். கண்ணும் கையும் ஒருசேர விரையும் பயிற்சி அதிலே இருக்கிறது; தோற்றால் மீண்டும் எழும் பொறுமையும் சிறிது இருக்கிறது. நம்மை உறுத்தியது வேறொன்று. நாம் அங்கிருந்த இரண்டு மணி நேரத்தில் அவ்வீட்டுப் பெரியவர்கள் நாலைந்து முறை கூடத்தைக் கடந்து சென்றனர். "போதும், வை" என்று ஒவ்வொருவரும் வாசலிலிருந்தே சொல்லிப் போனார்கள். எவரும் அருகில் அமரவில்லை. அவன் எதைத் துரத்துகிறான், ஆறு காசு எடுத்தும் ஏன் முகம் வாடுகிறான் என்பதை அந்த வீட்டில் கேட்டவர் முதியவர் ஒருவரே. நம் வீட்டிலும் இதே கதைதான் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நாம் விடைபெற எழுந்தபோது சிறுவன் மீண்டும் கருவியை எடுத்தான். இம்முறை நாற்காலியை ஒட்டித் தரையில் அமர்ந்து, தாத்தாவுக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டான். மேடை, பள்ளம், மேடை. சிவப்பு வளையம் வந்தது. பாய்ந்தான். எட்டுக் காசுகளும் முளைத்தன. முதியவரின் உதடுகள் அசைவதைக் கண்டோம், சத்தம் வரவில்லை. சிறுவன் ஐந்து எடுத்தான், ஆறு எடுத்தான், ஏழு எடுத்தான். எட்டாவது மறைந்தது.

முதியவர் தலையை ஆட்டினார்.

"ரெண்டாவது தொடங்கவே இல்லையே, அதுக்குள்ளேயா? இது ரொம்பக் குறைச்ச நேரம் எய்யா. இவ்வளவு குறைச்சா குடுத்தா எவன் எடுப்பான்?" என்றார். "சரி, இன்னொரு தரம் இறங்கு. நான் எண்ணுறேன்."